ஊர் தெரியாத குரல்

புதிதாக மைக் முன்னால் உட்காரப் போகிறவர்களுக்கு,

அனுபவத்தைச் சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல தேர்வுதான். நம் சனிக்கிழமைத் தமிழ் நிகழ்ச்சியில் இதுவரை நடந்த தவறுகளில் முக்கால்வாசி நான் செய்தவை. மீதி என் மேற்பார்வையில் நடந்தவை. எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்பதை வேறு யாராவது சொல்லித் தருவார்கள். அமுக்கியபிறகு எந்த வாயோடு பேசுவது என்பதில் நான் பட்ட அவமானத்தை மட்டும் சொல்கிறேன்.

ரேடியோ எனக்குச் சோறு போட்ட தொழில் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை இங்கே அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்குக்கு கான்ட்ராக்டில் ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே என் ஆங்கிலத்தை ஒரே தடவையில் புரிந்துகொண்டவர் யாருமில்லை. மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் போதும், மேஜையைச் சுற்றி எல்லோரும் காதை முன்னால் கொண்டுவருவார்கள். "ஸாரி, கம் அகெய்ன்?" என்பார்கள். மறுபடி சொல்வேன். மூன்றாவது தடவை போர்டில் எழுதிக் காட்டுவேன். வாரத்தில் ஐந்து நாள் உச்சரிப்புக்காகத் தலைகுனிந்த மனிதன் ஆறாவது நாள் என்ன செய்வான்? மற்றவர்கள் உச்சரிப்பைத் திருத்தக் கிளம்புவான். நான் கிளம்பினேன்.

ரூட் ஒன் நெடுஞ்சாலை ஓரமாக, ஒரு கார்ப்பெட் கடைக்குப் பின்னால் நம் ஸ்டுடியோ. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் நமக்கு. இதை ஆரம்பித்து வைத்த பெரியவர் என்னை முதல்முதலாக மைக் முன்னால் உட்காரவைத்தபோது ஒரே ஒரு விதி சொன்னார். "நீ எந்த ஊர்க்காரன்னு நேயருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னிக்கோட நீ அறிவிப்பாளர் இல்ல, அந்த ஊர்க்காரன், அவ்வளவுதான்." அவர் எந்த ஊர் என்று எனக்கும் பல வருடம் தெரியாது. ஒருநாள் ஸ்டுடியோ கதவில் விரலை நசுக்கிக்கொண்டார். அந்த அரை நிமிடத்தில் அவர் வாயிலிருந்து வந்த திருநெல்வேலியை எழுத முடியாது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சற்று வலிக்கிறது" என்றார்.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். அதை மறைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அண்ணனிடம் போன் பேசவேண்டுமென்றால் பேஸ்மென்ட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "என்ன அண்ணே, சொகந்தானா? மழ உண்டா?" என்று ஆரம்பிப்பேன். இங்கே பிறந்த என் மகன் நண்பர்களிடம், "மை டாட் ஹாஸ் டூ வாய்ஸஸ், ரேடியோ வாய்ஸ் அண்ட் பேஸ்மென்ட் வாய்ஸ்" என்று சொல்லி வைத்திருந்தான். ரேடியோ வாய்ஸ் என்பது கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி. உட்கார்ந்தால் கசங்கிவிடும் என்பதால் நின்றுகொண்டே இருக்கவேண்டும்.

பெரியவர் போனபிறகு நிகழ்ச்சிப் பொறுப்பு என்னிடம் வந்தது. அவர் வாயால் சொன்ன விதியை நான் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினேன். ஆறு பாயின்ட். கீழே என் கையெழுத்து வேறு.

அந்தச் சுவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவள்தான் மீனா.

இங்கே நியூஜெர்சியிலேயே, பார்சிப்பனியில் பிறந்து வளர்ந்தவள். வேலையும் அங்கேயே, மருந்துக் கடையில் ஃபார்மசிஸ்ட். அப்பா அம்மாவுக்கு விருதுநகர். நான் ஓய்வுபெறப் போகிறேன், சனிக்கிழமை காலைக்கு ஒரு குரல் தேவை என்று அறிவித்திருந்தோம். குரல் தேர்வுக்கு வந்தவர்களில் அவள் ஒருத்திதான் தாளைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துப் பேசினாள். ஆனால் பேசிய தமிழ் இருக்கிறதே, விருதுநகர் பஸ் ஸ்டாண்டும் பார்சிப்பனி மாலும் ஒரே வாய்க்குள் குடியிருந்தன. "வந்தாக", "போனாக", "இங்கன", "அங்கிட்டு" என்று தெற்கே போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு 'ர' குறுக்கே வரும். உடனே நாக்கு உள்ளே சுருண்டு அமெரிக்காவுக்குத் திரும்பிவிடும்.

"ஏம்மா, 'வந்தாக'ன்னு சொல்றியே, 'வந்தார்கள்'னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சொல்லலாம் அங்கிள். ஆனா அப்படிச் சொன்னா யாரும் வந்த மாதிரியே இல்லையே."

நியாயமான பதிலுக்கு நான் வைத்திருக்கும் ஒரே மறுமொழி, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது. துடைத்தேன்.

"சரி, இதுல உனக்கு என்னம்மா அவ்வளவு ஆசை?"

"சின்ன வயசுல இருந்து சாட்டர்டே ஆனா அம்மா கிச்சன்ல இந்த ப்ரோகிராம்தான் போடுவாங்க. அதுல எங்க வீட்டுல பேசுற மாதிரி ஒருத்தர்கூடப் பேசினதில்ல. அப்ப நாங்க பேசுறது தமிழ் இல்லையோன்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன் அங்கிள்."

மறுபடி கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு 'உச்சரிப்பு: பயிற்சி தேவை' என்று எழுதினேன். கோழைத்தனத்தில் அதுதான் மிகவும் மரியாதையான வகை.

மூன்று மாதம் பயிற்சி. பயிற்சி என்றால் என்ன, என் பழைய ஒலிப்பதிவுகளை அவள் காரில் கேட்கும்படி அனுப்பிவைத்தேன். தினமும் டூ எய்ட்டி செவன் ஹைவே டிராஃபிக்கில் நின்றபடி என்னையே கேட்டிருக்கிறாள், பாவம். எந்தக் குற்றத்துக்கும் அந்தத் தண்டனை அதிகம்.

மூன்று மாதம் கழித்து அரை மணி நேரம் அவளிடம் கொடுத்தேன். ஊர் நிகழ்ச்சிகள் வாசிக்கவேண்டும். நான் கன்ட்ரோல் அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அவள் தொண்டையைச் செருமினாள். எனக்கு அந்தச் செருமல் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. "வணக்கம்" என்றாள். ஒரு மூச்சு விட்டாள். "நேயர்களே" என்றாள்.

அது நான்தான். 'வணக்க'த்துக்கும் 'நேயர்களே'வுக்கும் நடுவில் நான் விடுகிற அந்த இடைவெளி, முக்கியமான செய்திக்கு முன்னால் தாடையைக் கீழே இறக்கிக்கொண்டு வருகிற கனம், வாக்கிய முடிவில் மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்குவது, எல்லாம் இருந்தது. கோயில் அன்னதான அறிவிப்பை வாசிக்கும்போது நான் விடுகிற பெருமூச்சைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. அன்னதானத்துக்கு எதற்குப் பெருமூச்சு என்று எனக்கே அன்றைக்குத்தான் தோன்றியது.

போன் அடித்தது. "சாருக்கு உடம்பு முடியலையா? குரல் கொஞ்சம் கீச்சுனு வருதே?"

அடுத்த போன். "சுக்கு, மிளகு தட்டிப் போட்டு ஆவி பிடிக்கச் சொல்லுங்க. இந்த ஊர் ஹீட்டர்தான் காரணம்."

அந்த அரை மணி நேரம் முடிவதற்குள் ஸ்டுடியோ கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் என் மனைவி, கையில் ஃப்ளாஸ்க்கோடு. "தொண்டை கட்டியிருக்குன்னு ரேடியோல கேட்டதுமே தெரிஞ்சுது. மிளகு ரசம், சூடா இருக்கு, மெதுவா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். "நீங்க இங்க நிக்கிறீங்க. அப்ப உள்ள பேசுறது யாரு?"

முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள். ரசத்தை நான் குடித்தேன். அதில் உப்பு சரியாகத்தான் இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை.

நிகழ்ச்சியை நடத்துகிற நம் தமிழ்ச் சங்கத்தின் தலைவருக்கு மட்டும் மிகுந்த சந்தோஷம். அவர் ஓர் இதய மருத்துவர். பேசினால் கல்வெட்டு வாசிப்பது போலிருக்கும். "அபாரம். இதே குரல் தொடரட்டும். நிகழ்ச்சியின் தரம் காப்பாற்றப்பட்டது" என்றார்.

மீனா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "அப்படின்னா நா வரல அங்கிள். உங்கள மாதிரி பேச நீங்க இருக்கீங்களே. நா என்னை மாதிரி பேசலாம்னு சொன்னா கூப்பிடுங்க. அதுவரைக்கும் போன் எடுக்குறேன்."

தலைவர், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லவேண்டும் என்றார். என் குரலிலேயே பேசுகிற மீனா, இல்லையென்றால் வேறு ஆள். நடுவில் நான். ஒருபக்கம் சுவரில் என் கையெழுத்து, இன்னொரு பக்கம் போன் மேஜையில் மீனா. இப்படி நேரங்களில் எனக்குக் கண்ணாடி ரொம்ப சீக்கிரம் அழுக்காகிவிடும்.

மாதக் கடைசிக்கு முந்தின சனிக்கிழமை. ஜனவரி. ரூட் ஒன்னில் காற்று, கார்க் கதவைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. நான் மைக்கில், மீனா போனில். ஒரு பாட்டு போய்க்கொண்டிருந்தபோது மீனா ரிசீவரைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். "அங்கிள், மான்மவுத் ஜங்ஷன்ல இருந்து ஒரு ஆன்ட்டி. ஊர்ல இருந்து விசிட்டிங் வந்திருக்காங்க. அவங்க ஹஸ்பன்ட காணோமாம்." போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐயா, எங்க வீட்டுல அவுக காலையில நடக்கப் போனாகய்யா. இருவது நிமிசத்துல வந்துருவாக. இப்ப ஒன்ற மணி நேரமாச்சு. காங்கல. மகனும் மருமகளும் டல்லாஸ்ல கல்யாணத்துக்குப் போயிட்டாக, ப்ளேன்ல இருக்காக, போன் எடுக்கல. பேரன் தூங்குறான், விட்டுட்டு நா எங்கிட்டு போய்த் தேட?"

"போலீசுக்குச் சொன்னீர்களா அம்மா?"

"எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு நம்பர்தான்யா. நீங்கதான அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா சொல்லிக்கிட்டே இருக்கீக."

அதற்குள் மீனா தன் செல்லில் போலீசைக் கூப்பிட்டு, வீட்டு விலாசத்தை அந்த அம்மாவிடம் ஒவ்வொரு எழுத்தாக வாங்கிச் சொல்லிவிட்டிருந்தாள். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். ஆனால் அவர்கள் போவது வீட்டுக்கு. ஆள் இருப்பது எங்கேயோ. அந்தப் பக்கத்து டவுன்ஹோம்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே பழுப்பு நிறம், ஒரே கதவு, ஒரே வளைவு. அங்கேயே பத்து வருடம் இருப்பவர்கள் பக்கத்து வீட்டு கராஜைத் திறக்கப் பார்ப்பார்கள்.

அந்த அம்மா அடையாளம் சொன்னார். பெயர் ராமசாமி, சாத்தூர். குரங்குக் குல்லாய், மகனுடைய பெரிய ஷூ. கையில் போன் கிடையாது. "சட்டப் பையில சின்ன ரேடியோ இருக்கும், காதுல ஒயரு மாட்டியிருப்பாக. இப்பவும் உங்களக் கேட்டுக்கிட்டேதான்யா நடந்துக்கிட்டு இருப்பாக."

இதைக் கவனியுங்கள். நாம் பேசுவது அவருக்குக் கேட்கும். அவர் பேசுவது நமக்குக் கேட்காது. எங்கே இருக்கிறார் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வெளியே நிமிடத்துக்கு நிமிடம் குளிர் ஏறிக்கொண்டிருக்கிறது. ரேடியோக்காரனுக்கு இதைவிடச் சோதனை வராது.

"நீங்களே பேசுங்கள் அம்மா. நேரலையில் போடுகிறேன். உங்கள் குரலைக் கேட்டால் நின்றுவிடுவார்."

"வேண்டாம்யா. போன தடவ இங்கன வந்திருந்தப்ப நா போன் போட்டு வாழ்த்து சொல்றப்ப, 'சற்றுத் திருத்தமாகப் பேசுங்கள் அம்மா'ன்னீக. தெருவுல எல்லாரும் கேட்டுச் சிரிச்சாக. அதுல இருந்து நா ரேடியோவுல பேசுறதில்ல." பின்னால் குழந்தை அழுதது. "பிள்ள முழிச்சிருச்சு" என்று போனை வைத்துவிட்டார்.

எனக்கு அவரை நினைவில்லை. அதுதான் மோசம். எத்தனை பேரிடம் சொல்லியிருந்தால் ஒருவரை மறந்துபோயிருப்பேன்!

இருந்தாலும் நான் அனுபவசாலி. பாட்டை நிறுத்தினேன். தொண்டையைச் செருமினேன்.

"நேயர்களே, ஓர் அவசர அறிவிப்பு. சாத்தூரிலிருந்து வருகை தந்துள்ள முதியவர் ஒருவர், மான்மவுத் ஜங்ஷன் பகுதியில் வழி தவறியுள்ளதாக அறிகிறோம். குரங்குக் குல்லாய் அணிந்துள்ளார். அன்னாரைக் காண்போர் உடனடியாக நிலையத்துடன் தொடர்புகொள்ளுமாறு வேண்டுகிறோம்."

இரண்டு தடவை வாசித்தேன். பிசிறில்லை. சொன்னால் வெட்கம், உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

முதல் போன் வந்தது. மீனா ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு கனத்த குரல், "ஆழ்ந்த அனுதாபங்கள். எப்ப எடுக்கிறாங்க?" என்றது.

"அய்யோ, அவர் சாகல அங்கிள்! காணோம்!"

"அப்படியா? சார் 'அன்னார்'ன்னாரே!"

இரண்டாவது போனும் இரங்கல். மூன்றாவது, மலர்வளையம் யார் ஏற்பாடு என்று கேட்டது. பத்து நிமிடம் போய்விட்டது. உயிரோடு நடந்துகொண்டிருக்கிற மனிதருக்கு நான் நேரலையில் கருமாதி பண்ணிக்கொண்டிருந்தேன்.

மீனா என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஸ்டுடியோ போனின் இன்னொரு லைனில் தலைவர் பெயர் மின்னிக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை. எழுந்தேன். அவ்வளவுதான் அன்று நான் செய்த காரியம். ஒரு மனிதன் நாற்காலியிலிருந்து எழ எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், எனக்குப் பல வருடம் ஆனது.

அவள் செருமவில்லை. உட்காரக்கூட இல்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பெரியப்பா, சாத்தூர் ராமசாமி பெரியப்பா! நா மீனா பேசுறேன், ரேடியோவுல இருந்து. ஒங்களத்தான் பெரியப்பா, வேற யாரையும் இல்ல. பெரியம்மா வீட்டுல தவிச்சுப் போயி ஒக்காந்திருக்காக. வழி தெரியலதான? அதுல என்ன இருக்கு, இங்கன எல்லா வீடும் ஒண்ணு போலத்தான் இருக்கும், எனக்கே தெரியாது. இனிமே ஒரு எட்டுகூட வைக்காதீக. அங்கனயே நில்லுங்க. நின்னு, ஒரு கைய மேல தூக்குங்க. தூக்கிட்டீகளா? எறக்காதீக. மான்மவுத் ஜங்ஷன்ல கேக்குறவங்க எல்லாரும் ப்ளீஸ், விண்டோ கிட்ட போங்க. கையத் தூக்கிட்டு ஒரு பெரியவர் நின்னா எங்களுக்கு கால் பண்ணுங்க."

ஒவ்வொரு 'ர'விலும் அமெரிக்கா இருந்தது. யாருக்கு அதைப் பார்க்க நேரம்?

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, போன் மணி அடித்தது. "எங்க வீட்டு முன்னாடி ஒருத்தர் கை தூக்கிட்டு நிக்கிறாரு!" சந்தோஷத்தில் நான் குதித்தேன். அடுத்த நொடி இன்னொரு போன். "இங்க மெயில் பாக்ஸ் பக்கத்துல ஒரு மாமா கையத் தூக்கிட்டு நிக்கிறார்." அது வேறு தெரு. மூன்றாவது போன், ஓர் இளம்பெண்: "சிஸ்டர், இங்க எதிரெதிரா ரெண்டு பேர் தூக்கிட்டு நிக்கிறாங்க. ஒருத்தர் கொஞ்சம் நடுங்குறார்."

கணக்குப் பார்த்தால் நான்கு பேர். குளிரென்றும் பாராமல் காலையில் நடக்கிற அப்பாக்கள் அந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மீனா கொஞ்சமும் அசரவில்லை.

"சாத்தூர்க்காரர் மட்டும் கையத் தூக்கியே வச்சிருங்க. மத்தவங்க எல்லாரும் எறக்கிட்டு வீட்டுக்குப் போங்க, குளுருது. தேங்க்ஸ்."

மெயில் பாக்ஸ் மாமா இறக்கினார். அவர் மன்னார்குடி. ஏன் தூக்கினீர்கள் என்று அந்த வீட்டுக்காரர் கேட்டதற்கு, "அந்தப் பொண்ணு சொன்ன சொல்லுல தூக்காம இருக்க முடியல" என்றாராம். முதல் வீட்டு முன்னால் நின்றவரும் இறக்கினார். எதிரெதிரே நின்ற இருவரில் ஒருவர் இறக்கவே இல்லை, இன்னொருவரும் இறக்கவில்லை. விசாரித்ததில் இரண்டாமவர் குஜராத்தி. கையில் ரேடியோவே கிடையாது. எதிரே நிற்பவர் கை தூக்கினாரே என்று மரியாதைக்குத் தானும் தூக்கியிருக்கிறார். அவர் இறக்கினால்தானே நாம் இறக்கலாம் என்று நின்றிருக்கிறார்.

இறக்காத மற்றவர் ராமசாமி.

அந்த இளம்பெண் அவரை உள்ளே அழைத்துப்போய், சோபாவில் உட்காரவைத்துக் கம்பளி போர்த்தினாள். போலீஸ் வண்டிக்கும் தகவல் போயிற்று. கொஞ்ச நேரத்தில் மறுபடி அவளே போன் செய்தாள். "சிஸ்டர், காபி கொடுத்திருக்கேன். ஒரு கையாலதான் குடிக்கிறார். இன்னொரு கைய எறக்க மாட்டேங்கிறார். ரேடியோல சொல்லட்டும்ங்கிறார்."

"பெரியப்பா, எறக்கலாம்" என்றாள் மீனா மைக்கில். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண்ணாடி துடைக்க நிஜமான காரணம் கிடைத்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதைப் பாடமாக வைத்திருப்பேன். ஆனால் தலைவர் அன்று மாலையே கூப்பிட்டார். "அவர் பாதுகாப்பாக வீடு திரும்பியதில் மிக்க மகிழ்ச்சி. ஆயினும் நிலையத்தின் தரம் என்று ஒன்று உண்டு. உங்களுடைய முதல் அறிவிப்பே தெளிவாக இருந்தது. அதைக் கேட்டே அவர் சுதாரித்திருப்பார். இரண்டாவது அறிவிப்பு ஓர் உபரி. ஆகவே முடிவில் மாற்றமில்லை. அந்தக் குரலிலேயே பேசுவதானால் மீனா, இல்லையேல் வேறு ஆள்." அடுத்த சனிக்கிழமை தானே ஸ்டுடியோவுக்கு வருவதாகவும், அந்தத் தம்பதியை நேரலையில் தானே பேட்டி எடுத்து இதைத் தெளிவுபடுத்துவதாகவும் சொன்னார். மீனாவிடம் சொன்னேன். "ஓகே அங்கிள். அவரே சொல்லட்டும்" என்றாள். ராமசாமி ஒரு வார்த்தை 'முதல் அறிவிப்பு கேட்டு நின்றேன்' என்று மரியாதைக்குச் சொன்னால் போதும், அவள் கதை முடிந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் மரியாதைக்கு எதையும் சொல்வார்கள் என்பதுதான் என் பயம்.

வந்தார்கள். அந்த அம்மா எங்கள் எல்லோருக்கும் சாத்தூர் காராச்சேவு பொட்டலம் கொண்டுவந்திருந்தார், சூட்கேஸில் வந்ததில் கடைசி. மைக்கைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்தார். மீனா போன் மேஜையில். நான் பொத்தான்களுக்கு முன்னால். தலைவர் கோட் சூட்டில், ராமசாமிக்கு எதிரே.

"ஐயா, கடந்த வாரம் எங்கள் நிலையம் வெளியிட்ட முதல் அறிவிப்பு தங்கள் செவியில் விழுந்ததா?"

"விழுந்துச்சேய்யா. கணீர்னு விழுந்துச்சு."

தலைவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். மீனா குனிந்துகொண்டாள்.

"மிக்க மகிழ்ச்சி. அதைக் கேட்டதும் தாங்கள் செய்தது என்ன?"

"மனசு கெதக்குனு ஆயிருச்சுய்யா. பாவம், யாரோ வயசாளி, அதுவும் நம்ம சாத்தூருன்னீக. இந்தக் குளுருல வழி தெரியாம அலையுறானே, என்ன பாடுபடுறானோன்னு, நானும் தேட ஆரம்பிச்சேன். அங்கிட்டு ஒரு தெரு, இங்கிட்டு ஒரு தெரு, ஒண்ணு விடல. அந்தாளு கெடைக்கவே இல்ல. அப்படித் தேடித்தான் இன்னும் தள்ளிப் போயிட்டேன்."

"ஐயா," என்றார் தலைவர் மெதுவாக, "அந்த முதியவர் தாங்கள்தான் என்று தங்களுக்கு..."

"நீங்க சொல்லலியே! 'முதியவர்'னீக, 'அன்னார்'னீக. நா எதுக்கு அன்னாரு? அப்புறம் இந்தப் பிள்ளதான், 'பெரியப்பா, ஒங்களத்தான்'னுச்சு. சடக்குனு நின்னுட்டேன். அட, தொலஞ்சது நாமதானான்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

அந்த அம்மா தலைப்பை வாயிலிருந்து எடுத்தார். "நாப்பத்தஞ்சு வருசமா இப்படித்தான்யா" என்றார், மைக்கைப் பார்த்தே.

தலைவரின் முகத்தில் ஏதோ நடந்தது. முதலில் கல்வெட்டில் ஒரு விரிசல். பிறகு தோள் குலுங்கியது. பிறகு மேஜையைத் தட்டினார். "அட ஏனுங்க! உங்களையவே நீங்க தேடிட்டுத் திரிஞ்சீங்களாக்கு? அய்யோ, என்ற வயிறு வலிக்குதுங்கோ..." இருபது வருடமாக அவரோடு பழகுகிறேன், அவருக்குப் பொள்ளாச்சி என்று அன்றைக்குத்தான் தெரியும். கண்ணைத் துடைத்தபடி போன் மேஜைப் பக்கம் திரும்பினார். "அம்மிணி, அடுத்த சனிக்கெழமைல இருந்து நீயே உக்காந்து பேசு கண்ணு. உன்ற வாய்ல எப்படி வருதோ அப்படியே பேசு."

இதெல்லாம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. மைக்கை அணைப்பது என் பொறுப்பு. விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு, காராச்சேவு பொட்டலத்தைப் பிரித்தேன்.